பந்து இல்லாதவர்களைப் பார்த்தவர்

அவரோடு உட்கார்ந்து ஹாக்கி மேட்ச் பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. பந்து வலது ஓரத்தில் பறந்துகொண்டிருக்கும். ரைட் அவுட் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு கோலை நெருங்கியிருப்பான். கேலரியே எழுந்து நின்று கத்தும். இந்த மனுஷர் மட்டும் கழுத்தை இடது பக்கம் திருப்பி, அங்கே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோல் விழுந்து, சத்தம் அடங்கி, எல்லோரும் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்: "இன்னா, கோல் வுழுந்துச்சா?"

கேட்டவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் வந்திருக்கிறது.

"மேட்ச் பாக்க வந்துட்டு எங்க சார் பாக்கறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"பந்த வச்சிக்கினு இருக்கறவன ஊரே பாக்குதும்மா. அவனுக்கு நான் எதுக்கு? பந்து இல்லாதவன் இன்னா பண்றான்னு பாக்க ஒருத்தன் வேணாமா?"

எங்கள் அலுவலகம் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின் தெருவில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அவர் எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்‌ஷனில் மூத்த கிளார்க். மயிலாப்பூர்க்காரர். ஒரு காலத்தில் அலுவலக டீமில் ஃபார்வர்டாக ஆடியவர். வயிறு முன்னால் வந்து முடி பின்னால் போன பிறகும் கான்வாஸ் ஷூவை மட்டும் விடவில்லை. கல்யாண ரிசப்ஷனுக்குக்கூடப் பட்டு வேட்டிக்குக் கீழே அந்த வெள்ளை ஷூதான். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மயிலாப்பூரில் இன்னும் நாலு பேருக்கு அவர்மேல் பழைய கோபம் கிளம்பிவிடும்.

ஏன் கோபம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு. லீக் தொடங்குவதற்கு முன்னால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒன்றிரண்டு பையன்களை எடுப்பார்கள். எடுத்தால் பெர்மனென்ட் வேலை. அதற்கப்புறம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ரிடயர் ஆகும்வரை உத்தியோகம் இருக்கிறது. அதனால் ட்ரையல்ஸ் அன்றைக்கு மைதானத்தில் ஓடுவது பையன்கள் மட்டும் இல்லை, அவர்கள் வீடு மொத்தமும் சேர்ந்து ஓடும். கமிட்டியில் ஆபீசர்கள் பெயருக்கு இருப்பார்கள். எந்த ஃபார்வர்ட் தேறுவான், எவன் இரண்டு வருஷத்தில் காணாமல் போவான் என்பதை இவர்தான் சொல்வார். ஒரு தடவை வேணாம் என்று சொல்லிவிட்டால் எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் வேணாம்தான்.

அவர் கணிப்பு எப்போதும் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் ஒரு பையனை எடுத்தார். பந்து இல்லாதபோது அப்படி ஒரு ஓட்டம் ஓடுவானாம். சரியான இடத்தில் போய் நிற்பானாம். எல்லாம் உண்மைதான். பந்து அவனிடம் வந்து சேர்ந்ததும்தான் வினை, கை வெலவெலத்துப் போய்விடும். அந்த லீக் முழுக்க ஒரு கோல் போடவில்லை. கேன்டீனில் எல்லோரும் இவரை ஓட்டித் தீர்த்தார்கள்.

"சார், உங்க ஆளு பந்து இல்லாம உலக சாம்பியன் சார்!"

"சிரிங்கடா. அவன் ஓடற அழகுக்கே சம்பளம் குடுக்கலாம்" என்று இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பையன் பிற்பாடு எங்கள் செக்‌ஷனிலேயே உட்கார்ந்தான். யாராவது லீவில் போனால் சொல்லாமலே அவர்கள் வேலையை எடுத்துச் செய்துவிடுவான். அதை யாரும் கோல் கணக்கில் சேர்க்கவில்லை.

மைதானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போகிற இடமெல்லாம் அந்தப் பார்வையைக் கூடவே கொண்டுபோவார். அவருடைய அக்கா மகனுக்குப் பெண் பார்க்க அசோக் நகர் போனார்கள். பெண் காபித் தட்டோடு வருகிறாள், எல்லோரும் பெண்ணைப் பார்க்கிறார்கள். இவர் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த வீட்டு மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து தெருவில் செருப்பு மாட்டும்போதே, "இந்த எடம் வேணாம்க்கா" என்றாராம்.

"ஏன்டா? பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கா!"

"பொண்ணு தங்கம். அந்த வூட்டு மருமவ நின்னுக்கினே இருந்தா பாத்தியா? அவள ஒருத்தர் உக்காரச் சொல்லல. மருமவள அப்டி நடத்தறவங்க நமக்கு வேணாம்."

"அடப்பாவி! நாம அங்கேந்து பொண்ணு எடுக்கப் போறோம்டா, குடுக்கப் போறோமா?"

அக்கா சொன்னதில் இருந்த நியாயம் அவருக்கு மயிலாப்பூர் வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் தரகரிடம் வாய் விட்டாயிற்று, இடம் தட்டிப்போயிற்று. அந்தப் பெண் வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருந்தாள். அக்கா மகன்தான் ரொம்ப நாள் பிரம்மச்சாரியாகவே திரிந்தான். இதையெல்லாம் அவரே எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா மட்டும் வெகு நாள் அவரோடு பேசவில்லை.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா இருந்தார். சுத்தமான வேலை, அதிகம் பேசமாட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு ஜோக் சொல்ல, செக்‌ஷனே விழுந்து விழுந்து சிரித்தது. இவர் வழக்கம்போல ஜோக் சொன்னவரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, எல்லோர் முன்னாலும், "இன்னாம்மா, நீ மட்டும் சிரிக்கல? ஒரு வாரமா பாக்கறேன். வூட்ல எதனா பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டு அழ ஆரம்பித்தார். புருஷன் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன்வரைக்கும் தெரிந்துபோயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் பரிதாபப்பட்டதிலேயே அவர் நொந்துபோய், மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தரமணிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "கண்ணு இருக்குன்னா எல்லாத்தையும் பாத்துடணுமா சார்? பாத்ததயெல்லாம் சொல்லிடணுமா? அவங்க கட்டிக் காப்பாத்திக்கிட்டிருந்த மானத்த இப்டி நடு ரூம்ல போட்டு ஒடச்சிட்டீங்களே!" என்றேன்.

 அவர் அன்று கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்க்கவில்லை. பார்ப்பதை மட்டும் விடவில்லை.

இப்போது என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சேகர் என்று பெயர். சைதாப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே அவனுக்கு ரசிகர்கள் உண்டு. சென்டர் ஃபார்வர்ட். பந்து ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்ட மாதிரி போவான். அப்பா வேலை பார்த்த மில் மூடிவிட்டது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அடையாற்றில் எனக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "தம்பிக்கு ஒரு வேல ஆவட்டும்டி. நீயும் போய்ட்டா நாங்க மூணு பேரு இன்னா பண்றது?" மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுப்பார்களா என்று தெரியவில்லை. சேகருக்கும் எங்கள் அலுவலகக் கோட்டாவுக்கு அதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும்.

இந்த லட்சணத்தில் ட்ரையல்ஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு லோக்கல் டோர்னமென்ட்டில் அவனுக்கு இடது முழங்கால் திருகிக்கொண்டது. கட்டுப் போட்டவர் மூன்று மாதம் ஓடவே கூடாது என்றார். சேகர் கேட்கிற ஆளா? வீக்கம் வடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டான். நேராக ஓடினால் ஒன்றும் தெரியாது. இடது பக்கம் சடக்கென்று திரும்பினால் மட்டும் உயிர் போகும். இந்த வலி வீட்டில் நாங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. "உள்ள பூந்துட்டா போதும்க்கா. அப்பால வேலய எவன் புடுங்கப் போறான்?" என்றான். எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது.

அலுவலகத்தில் அவரிடம், "என் தம்பி வர்றான் சார்" என்று மட்டும் சொன்னேன். சிபாரிசு செய்யவில்லை. செய்தால் அவருக்குப் பிடிக்காது என்று தெரியும்.

"வரட்டும். நீ வருவியாம்மா?"

"அவன் கூப்பிட்டிருக்கான் சார். நான் இருந்தா நல்லா ஆடுவானாம்."

"அப்ப வா" என்றார்.

ஆற்றங்கரைப் பக்கம் செம்மண் மைதானம். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. நான் கேலரிப் படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எனக்கு இரண்டு படி கீழே, மைதானத்துக்கு ஒருக்களித்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டுதானே இருப்பார் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

சேகர் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மூன்று கோல். மூன்றாவதற்கு எதிர் டீம் பையன்களே கை தட்டினார்கள். நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அப்பாடா, வேலை கிடைத்தாயிற்று என்று மனசுக்குள் என் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் கமிட்டி கூடியது. பையன்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆபீசர் சந்தோஷமாக, "சென்டர் ஃபார்வர்ட் பத்தி யோசிக்கவே வேணாம், இல்லையா சார்?" என்றார்.

"வேணாம் சார்" என்றார் இவர்.

"அதான், யோசிக்க வேணாம்."

"யோசிக்க வேணாம்னு சொல்லல. ஆளு வேணாம்னு சொல்றேன்."

"மூணு கோல் போட்டிருக்கான் சார்!"

"பந்து இருக்கும்போது போட்டான். பந்து போனதும் எங்க போனான்? நின்னுக்கினு கீறான். சோம்பேறி. நம்ம டீமுக்கு சோம்பேறி வேணாம்." மைதானத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கிற குரல். அவர் பந்து இல்லாதவனைத்தான் பார்ப்பார் என்பது ஊரறிந்த விஷயம் ஆயிற்றே, யாரும் மறுத்துப் பேசவில்லை. ஓரமாக நின்றிருந்த இன்னொரு பையனைக் காட்டி, அவனை எடுக்கச் சொன்னார்.

சேகர் நேராக வந்து அவர் முன்னால் நின்றான்.  "நான் சோம்பேறியா சார்?"

"பந்து போனப்புறம் நின்னியா இல்லியா?"

சேகர் வாயைத் திறந்தான். நின்றது உண்மை. ஏன் நின்றான் என்று சொன்னால் முழங்காலைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தான். என் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டிக்கைப் பரண்மேல் விட்டெறிந்தான். இனிமேல் அதைத் தொட்டால் ஏன் என்று கேள் என்றான். அம்மா அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. அத்தோடு விடாமல் என்னையும் பிடித்துக்கொண்டார்: "உன் ஆபீஸ் ஆளுதானே? கூடவே உக்காந்துக்கினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லியா?" நான் அலுவலகத்தில் அவர் இருக்கிற பக்கமே போகவில்லை. எதிரே வந்தால் ஃபைலைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சாயங்காலம் தி.நகர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். மயிலாப்பூர் போகிறவருக்கு சைதாப்பேட்டை பஸ் நிற்கிற இடத்தில் என்ன வேலை? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவர் போலக் குனிந்து கேட்டார்:

"எந்தக் காலும்மா? எடதுதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சார் சொன்னாங்க?"

"நீதான்."

"நானா? நான் ஒரு வார்த்த..."

"அவன் நல்லாத்தாம்மா ஓடினான். ஒரு இடத்துலயும் காட்டிக்கல. நீதான் சரியா உக்காரல. அவன் வலது பக்கம் திரும்பினா நீ சும்மா இருந்த. எடது பக்கம் திரும்பும்போதெல்லாம் கைப்பைய இறுக்கிப் புடிச்ச. ரெண்டு மூணு தபா பாத்தேன். அப்பால நான் அவனப் பாக்கவே இல்ல. உன் கையத்தான் பாத்தேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்துகொண்டு வந்தது. "தெரிஞ்சும் எடுத்திருக்கலாமே சார்! வேலையில சேந்துட்டா அப்பறம் கால் எப்படி இருந்தா என்ன? உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"வேல நிக்கும்மா. கால் நிக்காது. லீக் பூரா மண்ணுல ஆடணும், பாதியிலயே ஒக்காந்துடுவான். வயசுப் பையன், நொண்டிக்கினு ஃபைல் தூக்கணுமா? அதுவுமில்லாம, நான் எடுத்தேன் பாரு, அந்தப் பையனுக்கும் வூட்ல உன்ன மாதிரி ஒரு அக்கா இருக்க மாட்டாளா?"

"அதுக்காக எல்லார் முன்னாடியும் சோம்பேறின்னு சொல்லணுமா?"

அடுத்த பஸ் உறுமிக்கொண்டு வரும்வரை அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் சொன்னார்: "சோம்பேறின்னு சொன்னா அடுத்த ஆபீஸ்காரன் எடுப்பான். நாங்க சுறுசுறுப்பாக்கிக்கறோம்னு எடுப்பான். முட்டின்னு ஒரு வார்த்த வெளிய வந்துச்சுன்னா இந்த மெட்ராஸ்ல எவனும் எடுக்க மாட்டான். முட்டி சரியானாலும் எடுக்க மாட்டான். நீதான அன்னிக்கு என்னைக் கேட்ட, பாத்ததயெல்லாம் சொல்லிடணுமான்னு?"

என் பஸ் வந்து நின்றது. அவரே என்னை ஏறச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மயிலாப்பூர் பஸ் நிற்கிற பக்கமாக அந்த வெள்ளை ஷூ போய்க்கொண்டிருந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. வேலை போனது போனதுதானே. இறங்க வேண்டிய ஸ்டாப்புக்குள் அழுது முடித்துவிட்டேன்.

சேகரிடம் நான் எதையும் சொல்லவில்லை. என் கையால் போயிற்று என்று தெரிந்தால் அவன் என்னை மன்னித்திருப்பான், ஆனால் அதற்கப்புறம் என்னை மேட்ச் பார்க்கக் கூப்பிட்டிருக்க மாட்டான். அவனோ கோபத்தில் மாசக்கணக்காக ஸ்டிக்கைத் தொடவில்லை. கட்டுப் போட்டவர் சொல்லியும், அம்மா கும்பிட்டுக் கேட்டும் கிடைக்காத ஓய்வு, அந்த ஒரு வார்த்தையால் அவன் காலுக்குக் கிடைத்தது. பிறகு ஒரு நாள் தானே பரணில் ஏறினான். "எவன்டா சோம்பேறி? காட்றேன் அந்தாளுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பந்தே இல்லாமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். இதையும் யோசித்துத்தான் அப்படிச் சொன்னாரா என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வயசு வரம்பில் கொஞ்சம் தாராளமான வேறொரு அலுவலகம் அவனை எடுத்துக்கொண்டது. அடையாற்றுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவருக்குப் பத்திரிகை வைத்தேன். சேகர் முறைத்துக்கொண்டு நின்ற மண்டபத்துக்கு, அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து, பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த லீக்கில் சேகரின் அலுவலகமும் எங்கள் அலுவலகமும் மோதின. அதே செம்மண் மைதானம். நான் என் வீட்டுக்காரரோடு எங்கள் அலுவலகப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மயிலாப்பூர் மனுஷர் வழக்கம்போல இரண்டு படி கீழே ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிகிற நேரம். நடுவில் பந்து எங்கள் ஆள் ஸ்டிக்கில் பட்டுத் தெறித்தது. அதை எதிர்பார்த்தவன் போல சேகர் முன்பே ஓடி வந்து அங்கே நின்றிருந்தான். பந்தை எடுத்தான். ஒருவனைத் தாண்டினான். எங்கள் ஃபுல்பேக் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு வர, சடக்கென்று இடது பக்கம் திரும்பி அடித்தான். கோல்கீப்பர் விழுந்து பார்த்தும் பிரயோஜனமில்லை.

கேலரி அலறியது. சேகர் சக வீரர்களிடம் போகவில்லை. ஸ்டிக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் பக்கம் ஓடி வந்தான். "யார்ரா சோம்பேறி? இப்ப சொல்லுங்க சார், யார் சோம்பேறி?" என்று நரம்பு புடைக்கக் கத்தினான்.

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்துக்கு முழுசாக முதுகைக் காட்டிக்கொண்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். என் கைகள் இரண்டும் கைப்பைமேல் சும்மா கிடந்தன.

சத்தம் ஓய்ந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"இன்னாம்மா, கோல் வுழுந்துச்சா?"